மீனின் தலைப்பக்கம்

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தை ஒட்டியிருந்த விருந்துக் கூடத்தில் எல்லோருக்கும் மீன் பரிமாறினார்கள். சாவு வீட்டில் மீன்தான் போட வேண்டும், அது கிரேக்க நாட்டு வழக்கம். செவஸ்தி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். கணவன் செராஃபிமின் காதருகே குனிந்தாள்.

"யோவ், நான் செத்தா இந்தக் கூடத்துல மட்டும் யாருக்கும் சோறு போட்டுடாத. போட்டேன்னு வையி, பெட்டியிலேருந்து எந்திரிச்சு வீட்டுக்கு நடந்து வந்துருவேன்."

செராஃபிம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் செவஸ்தி செத்தபோது, அவர் ஊருக்குச் சோறு போட்டது அதே கூடத்தில்தான். அவளுடைய தங்கை தெமெலினா போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டு, சரிதானே என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். யார் எது கேட்டாலும் அன்றைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த, தலையும் முள்ளும் இல்லாத மீன் துண்டு எல்லோர் தட்டிலும் விழுந்தது. செவஸ்தி எழுந்து வரவில்லை. அவர் இரண்டொரு தடவை வாசலைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அதை நாலு பேர் கவனித்தார்கள், தெமெலினாவும் கவனித்தாள். அழ வேண்டும் என்று அவருக்கும் தெரியும். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

இப்போது நாற்பதாம் நாள் வருகிறது. கோயிலில் பூசை முடிந்ததும் மறுபடி விருந்து. இந்தத் தடவையாவது செவஸ்தி சொன்னதைக் காப்பாற்ற வேண்டும், நல்ல இடமாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். தெமெலினாவிடம் சொல்லவும் செய்தார். இன்று காலையில் அவள் போன் செய்தாள்.

"அத்தான், சாயங்காலத்துக்குள்ள இடத்தைச் சொல்லுங்க. இல்லன்னா பழைய கூடத்துக்கே சொல்லிடுவேன். வர்றவங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்."

சொல்லிவிடலாம்தான். ஏதென்ஸில் சாப்பாட்டுக் கடைக்கா பஞ்சம்? ஆனால் முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கடை தேடியவள் செவஸ்தி. ட்ராலி பஸ் ஓட்டிய செராஃபிமுக்குத் தெருக்கள் தெரியும், ருசி தெரியாது. அவள் நேரே சமையலறைக்குள் நுழைந்து, ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்ப்பாள். பையைத் தோளில் மாட்டியபடியே திரும்பி வந்தால் எழுந்து போய்விட வேண்டும். பையை நாற்காலியில் மாட்டினால் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று அர்த்தம். அவர் செய்ய வேண்டியதெல்லாம் மேஜையைப் பிடித்துவைப்பதுதான்.

இருந்தாலும் தனியாகவே கடை தேடிக் கிளம்பினார். முதலில் போன கடையில் மீன் சூப் குடித்தார். இரண்டாவதில் வறுத்த மீன். காகிதத்தை மென்ற மாதிரிதான் இருந்தது. எப்படி இருக்கிறது என்று கடைக்காரர்கள் கேட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார். அவள் போனதிலிருந்து நாக்கு செத்துப் போயிருந்தது. செத்த நாக்குக்கு எல்லாக் கடையும் ஒன்றுதான்.

மூன்றாவது கடை கிப்செலிப் பகுதியில், தெருவிலிருந்து படி இறங்கிப் போக வேண்டிய இடம். கடைக்காரர் திமியோஸ் எத்தனை பேர் என்று கேட்டார். "ரெண்டு" என்று வாயில் வந்துவிட்டது. இரண்டு தட்டு, இரண்டு முள்கரண்டி, நடுவில் ரொட்டி. உள்ளே வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று திமியோஸ் கூப்பிட்டார். செராஃபிம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைச் சமையலறைக்குள் போனார். ஒரு பானையைத் திறந்தார். ஆவி அடித்துக் கண்ணாடி மங்கிப்போனது. இதற்குமேல் அவள் என்ன செய்வாள், முகர்வாளா, கிண்டிப் பார்ப்பாளா? தெரியவில்லை. மூடிவிட்டு, ஐஸ் மேல் கிடந்த சங்கரா மீன் ஒன்றைக் கைகாட்டிவிட்டு வந்தார்.

சுட்ட மீன் முழுசாக வந்தது, மேலே எண்ணெயும் எலுமிச்சையும். கோட்டைக்கூடக் கழற்றாமல் தின்றார். கொஞ்ச நேரத்தில் திமியோஸ் வந்து மேஜையருகே நின்றார். மீனில் என்ன குறை என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றார் செராஃபிம்.

"குறை இல்லாமயா கோடு போட்ட மாதிரி பாதியை விட்டிருக்கீங்க? கூட வர்றவங்க ஆறினதையா தின்பாங்க, பெரியவரே?"

செராஃபிம் அப்போதுதான் தட்டைப் பார்த்தார். வால் பக்கம் வெறும் முள். தலைப்பக்கம் தோல்கூடக் கிழியவில்லை. முப்பது வருஷமாக ஒரே மீனை இருவரும் அப்படித்தான் தின்றார்கள்.

"அவ வரமாட்டா. செத்துப் போயிட்டா."

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெமெலினாதான் சொன்னாள். அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது மாதிரி குரல் வந்தது.

திமியோஸ் தட்டைப் பிடித்து, தலை செராஃபிம் பக்கம் வருமாறு திருப்பி வைத்தார். அப்படியானால் இதையும் நீங்கள்தான் தின்ன வேண்டும் என்றார். தலையில் முள்ளைத் தவிர ஒன்றும் கிடையாதே என்றார் செராஃபிம்.

"யார் சொன்னா?"

"என் பொண்டாட்டிதான். நான் மலைநாட்டுக்காரன், ஆடு மேய்ச்ச குடும்பம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை, தொண்டையில முள்ளு சிக்கிச் சாவ, தலையை என்கிட்ட விடுன்னுவா."

"அவங்க தீவா?"

"கலிம்னோஸ்."

"அதானே பார்த்தேன்" என்று திமியோஸ் கரண்டி நுனியால் மீனின் கன்னத்தை நெம்பினார். விரல் நுனி அளவு வெள்ளைச் சதை உருண்டு வந்தது. அதை ரொட்டி மேல் வைத்து நீட்டினார்.

செராஃபிம் வாயில் போட்டார். வெண்ணெய் மாதிரி கரைந்தது. இனிப்பு, பின்னால் உப்பு, அதற்கும் பின்னால் எலுமிச்சை. இத்தனை நாளில் முதல் தடவையாக நாக்கில் ஏதோ ஏறியது. மெல்லுவதை நிறுத்தினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குனிந்த தலை நிமிராமல், என் தலையெழுத்து, முள்ளைச் சப்புகிறேன் என்று புலம்பிக்கொண்டே அவள் தின்றது இதைத்தான்.

"திருடி" என்றார். சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அது அழுகையாகிவிட்டது, அதுவும் சத்தமான அழுகை. பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். திமியோஸ் பானைகளைக் கவனிக்க உள்ளே போய்விட்டார்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெமெலினாவைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னார். வயசானவர்கள் வருவார்கள், தலையையும் முள்ளையும் எடுத்துவிட்டுப் பரிமாறச் சொல்லுங்கள் என்றாள் அவள்.

"தலையில கை வைக்கக் கூடாது தெமெலினா. ஒவ்வொரு மீனும் தலையோடதான் வரணும்."

போனை வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றி எதிர் நாற்காலியில் மாட்டினார். பிறகு மீனைப் புரட்டிப் போட்டார். அந்தப் பக்கத்துக் கன்னம் அப்படியே இருந்தது. ஒரு மீனுக்கு இரண்டு கன்னம். முப்பது வருஷத்தில் ஒன்றைக்கூட அவள் அவருக்குத் தரவில்லை.