சுவரின் சூடு

மாமனாருக்கு இடுப்பு வலி குறைந்துவிட்டது. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் ஆயுசு முழுக்க லிஃப்ட் இயக்கியவர் அவர். முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர். புது வீட்டில் பின்னறை அவருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். குடிவந்து சில மாதம் ஆனபின் ஒரு நாள் காலையில் டீயை உறிஞ்சிக்கொண்டே மருமகளிடம் சொன்னார்:

“அந்த ரூம் நமக்கு நல்லா ஒத்துப்போச்சும்மா. சுவத்துல முதுகைச் சாச்சு உக்காந்தா ஒத்தடம் குடுத்த மாதிரி இதமா இருக்கு. டாக்டர் செலவு மிச்சம்.”

அவள் சிரித்தாள். பெருக்கப் போனபோது, விளையாட்டாக அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. சுவர் வெதுவெதுவென்று இருந்தது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. வெயில் படாத சுவர் அது. அந்தப் பக்கம் குளியலறை.

கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியே வந்துவிட்டாள்.

ஏன் பேசவில்லை என்றால், பயம். சுவரைக் கண்டு பாதி, செலவைக் கண்டு பாதி. வாடகை வீட்டில் இருந்த வரைக்கும் குழாய் சொட்டினால் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டால் போதும். வருவார், முணுமுணுப்பார், சரிசெய்துவிட்டுப் போவார். இப்போது வீட்டுக்காரியே அவள்தான். யாருக்குப் போன் போடுவது?

வீடு வாங்கும்போது கணக்குப் போட்டவளும் அவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லை அறுக்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். புருஷன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவன். இரண்டு சம்பளத்தையும் கூட்டி, வீட்டுக் கடன் தவணை, வரி, மின்சாரம், தண்ணீர், மளிகை என்று கழித்துக்கொண்டே வந்தாள். பராமரிப்பு என்று ஒரு தொகையும் முதலில் வைத்திருந்தாள். அதை வைத்தால் கணக்கு உதைத்தது. எடுத்தால் சமர்த்தாக உட்கார்ந்தது. எடுத்துவிட்டாள். விற்றவரும் “வீடு கல்லு மாதிரிங்க, இன்னும் இருபது வருஷத்துக்குத் தொடவே வேணாம்” என்று சொல்லியிருந்தார்.

குளியலறையில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரை மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், “வயரு ரொம்பப் பழசுக்கா. இதுக்குத் தனியா ஒரு லைன் இழுத்துடுங்க” என்று சொன்னதும் நினைவிருந்தது. “அடுத்த மாசம் பாக்கலாம்” என்று அனுப்பிவைத்ததும்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் மெல்ல வாயெடுத்தாள்.

“என்னங்க, பின்னாடி ரூம் சுவர் சுடுது.”

“சுடுதுன்னா? வெயிலா இருக்கும்.”

“வெயில் எங்கங்க அங்க வருது?”

“அப்பாதான் சந்தோஷமா இருக்காரே. நீ ஏன் இல்லாத பூதத்தை இழுத்துட்டு வர்றே? தவணை கட்டின கையோட நான் காத்தாடிட்டு இருக்கேன். போனஸ் வரட்டும், பாத்துக்கலாம்.”

அவன் குரலிலும் பயம்தான் இருந்தது. அதை எரிச்சலாக்கி வெளியே விட்டான், அவ்வளவுதான். அவளும் தலையாட்டினாள். பாத்துக்கலாம் என்ற சொல் அந்த வீட்டில் கூட ஒரு ஆள் மாதிரி குடியிருந்தது.

மறுநாள், ஜன்னல் காற்று வரட்டும் என்று சாக்குச் சொல்லி மாமனாரின் கட்டிலை எதிர்ப்பக்கம் நகர்த்திப் போட்டாள். வேலை முடிந்து வந்து பார்த்தால் கட்டில் பழைய இடத்திலேயே கிடந்தது. “வலி திரும்ப வந்துடுச்சும்மா” என்றார் பாவமாக. தனியாகவே இழுத்துப் போட்டிருக்கிறார். சுவரைத் தொட்டாள். நேற்றைவிடச் சூடு கூடியிருந்ததா, அல்லது அவள் கைதான் குளிர்ந்திருந்ததா, தெரியவில்லை.

அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. விளக்கு லேசாகச் சிமிட்டினால் நிமிர்ந்து பார்த்தாள். சுவிட்சைப் போடும்போது விரல் தயங்கியது. சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி காலை எடுத்துவைத்து நடந்தாள்.

அந்த வாரமே ஒரு பிற்பகல். கடையில் ஒரு வில்லையை அறுத்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் சூடேறி பிளாஸ்டிக் கருகும் வாடை மூக்கில் ஏறியது. தினமும் வருகிற வாடைதான். ஆனால் அன்று இயந்திரத்தை நிறுத்தினாள். இதே வாடை இன்று காலை வீட்டில் அடித்ததே! பின்னறை அலமாரியிலிருந்து போர்வை எடுத்தபோது அடித்தது; மடித்து வைத்த துணியின் மக்கல் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

மாமனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. கடைக்காரரிடம் என்ன சொன்னாள் என்பது அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. செருப்பை மாட்டினாளா இல்லையா என்பதும்கூட. தெருவில் ஆட்கள் விலகி வழிவிட்டது மட்டும் நினைவிருந்தது.

கதவு உள்தாழ் போட்டிருந்தது. தட்டினாள், இடித்தாள். “மாமா! மாமா!” பதில் இல்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக ஓடி, சமையலறைக் கதவைத் தோளால் முட்டித் திறந்தாள். வாடை முகத்தில் அறைந்தது. யோசிக்கவில்லை, நேரே போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது.

பின்னறையில் மாமனார் சுவரோடு சாய்ந்து, வாய் திறந்தபடி, காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு கிடந்தார். அசைவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“என்னம்மா… எந்த மாடி?” என்று கண்ணைத் திறந்தார் மனுஷர்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “எந்திரிங்க மாமா, வெளிய போங்க, கேக்காதீங்க, போங்க!” அவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். அதே சுவரில் பதித்த மர அலமாரியின் இடுக்கிலிருந்து நூல் மாதிரி புகை கசிந்தது. திறந்தாள். அடுக்கி வைத்த போர்வைகளின் பின்பக்கம் கங்கு ஊர்ந்துகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று ஒரு தீநாக்கு எழுந்தது. குளியலறை வாளியைத் தூக்கி வந்து ஊற்றினாள். இன்னொரு வாளி. இன்னொன்று. புகை அடங்கிய பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள், கை சொன்ன பேச்சு கேட்கவில்லை.

அவள் போன் போட்டதும் புருஷன் பயிற்சி வண்டியோடு, அதில் கற்றுக்கொண்டிருந்த பெண்மணியோடு சேர்த்தே, வந்து இறங்கினான். எலக்ட்ரீஷியன் வந்து அலமாரியின் பின்பலகையைப் பெயர்த்தார். அடுப்புக்கரி மாதிரி உதிர்ந்தது. உள்ளே வயரில் இரண்டு துண்டைச் சேர்த்து முறுக்கிய இடத்தில் மேல்தோல் உருகி, செம்பு பல்லைக் காட்டியது. ஹீட்டர் ஓடும்போதெல்லாம் அந்த முடிச்சுதான் கொதித்திருக்கிறது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் நெற்றியைத் துடைத்ததைப் பார்த்த பிறகுதான் புருஷன் தரையில் உட்கார்ந்தான்.

“மொத்த வீட்டுக்கும் மாத்தணும்” என்று அவர் சொன்ன தொகை, இரண்டு பேர் சம்பளத்தில் மூன்று மாதத்தை விழுங்குகிற தொகை.

“இவ்வளவுக்கு எங்க போறது?” என்றான் புருஷன்.

“பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க” என்றாள் அவள். “நாம மூணு பேருன்னு நெனச்சுக் கணக்குப் போட்டேன். தப்பு. வீட்டையும் சேத்தா நாலு. அது வாயில்லா ஜீவன். பசிச்சா கத்தாது, கடிச்சுடும். மொதல்ல அதுக்கு எடுத்து வச்சுட்டுத்தான் நமக்கு.”

பின்பாதிக்கு உடனே வயர் மாற்றினார்கள். முன்பாதிக்கு நான்கு மாதம் கழித்து. பழைய மெயின் வயர் முன்பாதியில்தான் இருந்ததால், அதுவரை ஹீட்டர் கிடையாது. மூன்று பேரும் பச்சைத் தண்ணீரில் பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தார்கள். தவணையில் வாங்கிய பெரிய டிவியைப் பாதி விலைக்குத் தள்ளினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அவன் ஸ்டியரிங் சொல்லிக்கொடுக்கப் போனான். சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கு வீட்டுக்கென்று தனிக் கணக்குக்குப் போய்விடும், மிச்சத்தில்தான் மளிகை. சில மாதம் மளிகை இளைத்தது. அவளும் இளைத்தாள்.

பயம் மட்டும் வயர் மாற்றியதோடு தீர்ந்துவிடவில்லை. மழை பெய்தால் கூரையைப் பார்த்தாள். மோட்டார் போட்டால் அதன் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுத் தையல்காரர் கதவைத் தட்டினார்.

“ரெண்டு வீட்டுக்கும் பொதுவான கழிவுக் குழாய் மண்ணுக்குள்ள ஒடஞ்சுருக்கும்மா. விட்டா அஸ்திவாரத்துல எறங்கிடும். பாதிப்பாதி போட்டுக்கலாமா? கஷ்டம்னா கொஞ்ச நாள் தள்ளி…”

அஸ்திவாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கண் தானாகவே சுவரடிக்குப் போயிற்று. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். அவன் முகமும் வெளிறித்தான் இருந்தது.

“தள்ள வேணாம்ணே” என்றாள். “ஆளைத் திங்கக்கிழமையே வரச் சொல்லுங்க. எங்க பங்கு இருக்கு.”