மலையாளி டிரைவர்

அர்த்தனாரி என் லைசென்சைக் கையில் வாங்கவே இல்லை. உள்ளங்கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். "இது களைக்கொத்துப் பிடிச்ச காய்ப்புப்பா. ஸ்டேரிங்கு பிடிச்சா காய்ப்பு இங்கே வராது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனார். சேந்தமங்கலத்தில் அவருக்கு ஒரு கொட்டகை, இரண்டு லாரி. இரண்டுமே கரி லாரி. உலக யுத்தம் முடிந்தும் பெட்ரோலுக்குச் சர்க்கார் பூட்டுப் போட்டிருந்த காலம் அது. வண்டியோடு ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு நிற்கும். அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊதினால் வாயு கிளம்பும். அந்த வாயுவில்தான் எஞ்சின் ஓடும். பாதி வழியில் அணைந்தால் மறுபடியும் ஊத வேண்டும்.

நான் ஓட்டக் கற்றது பட்டாளத்தில். பெங்களூரில் ஒரு பெரிய மைதானம். அங்கே வெறும் வண்டியை வட்டமடிக்க விட்டுப் பழக்கினார்கள். நான் கற்று முடிக்கவும் சண்டை முடியவும் சரியாக இருந்தது. கையில் லைசென்சைக் கொடுத்து ஊருக்குப் போ என்றார்கள். பாரம் ஏற்றிய வண்டியை நான் தொட்டதில்லை. மேட்டில் ஏற்றியதில்லை, பள்ளத்தில் இறக்கியதில்லை. மலைக்காரனுக்கு மேடு தெரியாதா என்று கேட்கலாம். கொல்லிமலைக்கு அப்போது ரோடே கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் காலால்தான்.

"ஏனுங்க, டிரைவரா ஏத்துக்க மாட்டீங்களா?"

"கிளீனரா வா. கரியைப் போடு, ஊது, பக்கத்துல உக்காந்து ரோட்டைப் பாரு. ஸ்டேரிங்கு தரலாம்னு எனக்கு எப்பத் தோணுதோ அப்பத் தாரேன்."

"எப்பத் தோணுமுங்க?"

"அதை இப்பவே சொன்னா நான் பொய் சொல்றவன்."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தேதி சொல்லாதவன் ஏமாற்றப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். தேதி சொன்னவர்களும் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி, அங்கிருந்தே நாமக்கல்லுக்கு நடந்தேன்.

நடந்ததற்குக் காரணம் குப்பாயி. நான் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் என் பெண்டாட்டி மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூரிலிருந்து காளப்பநாயக்கன்பட்டிக்குப் பலாப்பழம் சுமந்தாள். வியாபாரி அடிவாரத்தில் நிற்பான். அவனிடம் இறக்கிவிட்டு மறுபடி மலை ஏற வேண்டும். நான் திரும்பி வந்தபோது அவளுக்குக் கழுத்து திரும்பவில்லை. பக்கத்திலிருந்து கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பாள். வைத்தியர் மூலிகை எண்ணெயைக் கொடுத்து, இனி தலையில் ஒன்றும் வைக்காதே என்றார். எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அடுத்த நாளும் சுமந்தாள். நான் டிரைவராகிவிட்டால் அந்தச் சுமை நிற்கும். லைசென்சைக் காட்டி அப்படித்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

நாமக்கல்லில் இருந்தது மாணிக்கத்தின் லாரி செட்டு. மதுரைப் பக்கத்து ஆள். யுத்தத்தில் சம்பாதித்து வந்து இறங்கியவர். அவரிடம் பெட்ரோல் சீட்டு இருந்தது, எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பட்டாளம் கழித்த பெரிய லாரி ஒன்று பச்சைப் பெயிண்டு போகாமல் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"எந்த ஊருப்பா?"

"மலைங்க. மலையாளிங்க நானு."

எங்கள் ஜாதிக்குப் பெயரே அதுதான். மலையை ஆள்கிறவன் என்று அர்த்தம் சொல்வார்கள். ஆண்டதை நான் பார்த்ததில்லை. சேந்தமங்கலத்தில் அப்படிச் சொன்னால் கொல்லிமலைக் கவுண்டன் என்று குழந்தைகூடப் புரிந்துகொள்ளும்.

மாணிக்கம் எழுந்தே நின்றுவிட்டார். "அட, மலையாளியா! அதான் பேச்சு இழுவையா இருக்கு. மலையாளத்தான் ஸ்டேரிங்கு பிடிச்சா தனிதான்யா. பாலக்காட்டுக்காரன் ஒருத்தன் முன்னாடி எங்கிட்ட ஓட்டுனான், தங்கமான கை. டேய், காப்பி வாங்கியா. தொப்பூர்ச் சுரமெல்லாம் உனக்குத் தூசு, என்ன?"

தர்மபுரி போகிற வழியில் இருக்கும் அந்த மலைப்பாதையை நான் கண்ணால் கண்டதில்லை. தலையை ஆட்டினேன். காப்பியையும் குடித்தேன். நாளைக் காலையில் துணி மூட்டை ஏற்றித் தர்மபுரிக்குப் போக வேண்டும் என்றார். அனுபவம் என்ன என்று கேட்கவில்லை. லைசென்சைப் பார்க்கவில்லை. அர்த்தனாரியும்தான் பார்க்கவில்லை, ஆனால் அவர் கையையாவது பார்த்தார்.

யாராவது எனக்குச் சும்மா காப்பி கொடுத்தால் எனக்குச் சந்தேகம் வரும். வண்டியைச் சுற்றி வந்தேன். பெயிண்டு நன்றாகத்தான் இருந்தது. பின் சக்கரத்தருகே முட்டுக் கொடுக்கும் கட்டை கிடந்தது. வண்டி நிற்காவிட்டால் கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்தின் கீழே வைக்கிற கட்டை. எங்கள் பட்டாளத்து வண்டிகளிலும் உண்டு, தேயாமல் புதுசாகக் கிடக்கும். இது நாய் கடித்த எலும்பு மாதிரி இருந்தது. ஒரு பக்கம் நசுங்கி, நார் நாராகப் பிரிந்து, டயரின் கறுப்பு உள்ளே வரைக்கும் ஏறியிருந்தது. குனிந்து படுத்துப் பார்த்தேன். பிரேக்குக் கம்பியைச் சாதாரணக் கட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"முன்னாடி ஓட்டுனவரு எங்கீங்க?"

"ஊருக்குப் போயிட்டான்."

"அவரு கிளீனருங்க?"

மாணிக்கம் டம்ளரைப் பார்த்தார். "அவனும் இல்ல."

அதற்குமேல் அந்தக் காப்பிக்காக உண்மையை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. "நான் பாலக்காட்டு மலையாளி இல்லீங்க. கொல்லிமலை மலையாளி. அந்தா தெரியுது பாருங்க, அந்த மலை. சுரத்துல ஒரு நாளும் ஓட்டுனதில்லீங்க" என்றேன். துரத்திவிடுவார் என்று நினைத்தேன். துரத்தியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எந்த மலையாளியா இருந்தா என்னய்யா. சீட்டுல உக்கார எனக்கு ஒரு ஆளு வேணும். காலையில வந்துரு."

மலை ஏறி வீடு சேர்ந்தபோது இருட்டிவிட்டது. குப்பாயி களி கிண்டிக்கொண்டிருந்தாள். முதலில் அர்த்தனாரி சொன்னதைச் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் டிரைவருன்னு சொல்லி வெச்சிருக்கேன். பட்டாளத்துக்குப் போயிப் படிச்சுட்டு வந்தது அடுப்பு ஊதறதுக்கா? எங்கிட்டக் கேட்டிருந்தா ஊட்டுலயே சொல்லித் தந்திருப்பேனே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. பிறகு மாணிக்கத்தின் லாரியைச் சொன்னேன், நாளைக்கே ஸ்டேரிங்கு என்றேன். துடுப்பை விட்டுவிட்டு உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பினாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது.

துடுப்பை மறுபடியும் கையில் எடுத்தாள். "உனக்கு முன்னால ஓட்டுனவன் செத்துட்டானா?"

"தெரியல. ஊருக்குப் போயிட்டானாம்."

"அந்தக் கட்டையைப் போடறதுக்கு உங்கூட எவன் வாரான்?"

"யாரையாச்சும் புடிப்பாங்க."

"அவனுக்கும் ஒருத்தி சோறாக்கி வெச்சிருப்பா" என்றாள். களியை உருட்டி என் முன்னால் வைத்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, விடியற்காலையில் கொண்டுபோக வேண்டிய பழத்தை எடுத்துக் கூடையில் அடுக்கத் தொடங்கினாள். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

காலையில் நான் சேந்தமங்கலத்துக்குத்தான் போனேன். அர்த்தனாரி நல்லவர் என்று நம்பிப் போகவில்லை. இன்றுவரை அவரை முழுசாக நம்பவில்லை. வேண்டாம் என்று சொல்கிறவனிடம் இன்னொரு தடவை கேட்கலாம். வா வா என்கிறவனிடம் என்ன கேட்பது? அவர் என்னைப் பார்த்ததும் கரி மூட்டையைக் காட்டினார். டிரைவர் சின்னுசாமி என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "மலை, ஊது" என்றான். அதுவே பெயராகிப் போனது.

பலாப்பழப் பருவம் அது. வியாபாரியின் பழ லோடு ஏற்றக் காளப்பநாயக்கன்பட்டிக்கே வண்டியை விட்டார்கள். நான் அடுப்பில் கரியைத் தட்டிவிட்டு நிற்கிறேன், மலைப்பாதையிலிருந்து பெண்கள் வரிசையாக இறங்கி வருகிறார்கள். நாலு பேருக்குப் பின்னால் குப்பாயி. முன்னால் பார்த்தபடியே வந்தாள். பக்கத்தில் வந்தும் நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூஞ்சியெல்லாம் அவ்வளவு கரி.

"இறக்குங்க சாமி, நிக்க முடியல" என்றாள், யாரோ ஒரு கிளீனரிடம் சொல்வது போல.

"நாந்தான்" என்றேன்.

கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பாரம் விலகும்போது கழுத்து வெட்டி இழுக்காமல் இருக்க இன்னொரு கையை அவள் பிடரியில் கொடுத்தேன். கூடை என் தோளுக்கு வந்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான் ஊதியிருக்க" என்றாள். பழத்தை லாரியில் இறக்கினேன். வெறும் கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த வழியே ஏறினாள்.

"மலை! அணையுது பாரு, ஊது" என்று சின்னுசாமி கத்தினான். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். பாதை திரும்புகிற இடம் வரைக்கும் அவள் பிடரியில் என் ஐந்து விரலும் கறுப்பாகத் தெரிந்தன.