நமுன்யாக்கைக் கடைசியாகப் பார்த்தவர்கள்

எங்கள் சரணாலயத்தில் பன்னிரண்டு கறுப்புக் காண்டாமிருகங்கள். ஒவ்வொன்றையும் தினம் ஒரு தடவையாவது ஒருவன் கண்ணால் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். தடம் பார்த்தேன், சாணி பார்த்தேன் என்பதெல்லாம் செல்லாது. ஒரு நாள் தென்படாவிட்டால் மறுநாள் விடிந்ததும் எல்லோரும் தேடக் கிளம்புவோம். காவல் என்று நாங்கள் செய்வது இவ்வளவுதான். இதைக்கூடச் செய்யத் துப்பில்லாமல் போனோம்.

அவற்றில் நமுன்யாக் சினையாக இருந்தாள். பதினான்கு மாதம் முடிந்து, நாளை எண்ணிக்கொண்டிருந்தோம். இந்த மண்ணில் காண்டாமிருகக் கன்று பிறந்து என் அப்பா காலத்துக்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. அவள் பெயருக்கு அதிர்ஷ்டக்காரி என்று அர்த்தம். வைத்தவன் வாயில் மண்ணைப் போட வேண்டும்.

அவளைப் பார்த்துச் சொல்வது லெகூப்பேயின் வேலை. விருந்தினரை வண்டியில் அழைத்துப் போவது என் வேலை. அவனும் நானும் ஒரே நாளில் சுன்னத்து செய்யப்பட்டவர்கள், ஒரே செட்டு. எங்கள் சம்புரு இனத்தில் செட்டுக்காரனைக் காட்டிக்கொடுத்தவனோடு பிறகு எவனும் உட்கார்ந்து இறைச்சி தின்னமாட்டான்.

செவ்வாய்க்கிழமை மதியம் லெகூப்பே வயர்லெஸ்ஸில், நமுன்யாக் முள்காட்டில் மேய்கிறாள், நலம் என்றான். அப்போது அவன் நின்றது என் கண்ணெதிரே, வற்றிய ஆற்றில் தோண்டிய ஊற்றில். தன் மாடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டே என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். நானும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன். புதன்கிழமையும் அதே நலம், அதே ஊற்று. மூன்று வருடமாக மழையில்லை. அவன் மந்தையில் ஐந்து மாடுதான் மிச்சம். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை என் வண்டியில் இங்க்ரிட் என்ற நார்வேக்கார அம்மாள் இருந்தாள். எழுபது வயது. சிங்கம் வேண்டாம், சிறுத்தை வேண்டாம், நமுன்யாக்கைத் தூர நின்று ஒரு தடவை பார்த்தால் போதும் என்று வந்தவள். முள்காட்டில் நமுன்யாக் இல்லை. கிடைத்த தடமும் பழையது, காற்று அதில் மண்ணை நிரப்பியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால், வற்றிக்கொண்டிருந்த அணையில் வயிறுவரை சேற்றில் புதைந்து கிடந்தாள். முதுகில் அப்பிய சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. எந்த வெயிலிலும் அதற்கு இரண்டு நாள் ஆகும்.

வயர்லெஸ்ஸில் கத்தினேன். அரை மணியில் ஆட்கள் வந்து அவள் சூடு தணிய வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். காய்ந்த சேறு கரைந்துபோனது. தடங்களை அவளை இழுக்க வந்த டிராக்டர் அழித்தது. லெகூப்பேயையும் என்னையும் தவிர யாருக்கும் எதுவும் தெரிய வழியில்லை.

மிருக டாக்டர் முவெண்டே சின்ன விமானத்தில் வந்து இறங்கியதும் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"இவ நின்னுட்டிருந்ததைக் கடைசியா யார் பார்த்தது? எப்போ?"

"நேத்து சாயங்காலம், டாக்டரம்மா. முள்காட்டுல மேஞ்சுட்டிருந்தா," என்றான் லெகூப்பே.

"நீயும் பார்த்தியா?" என்று என் பக்கம் திரும்பினாள்.

லெகூப்பே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தேன்," என்றேன்.

"அப்ப ஒரு ராத்திரிதான். மயக்க ஊசி போட்டு இப்பவே இழுத்துடலாம். ரெண்டு நாள் கிடந்திருந்தா முதல்ல தண்ணி ஏத்தணும். இல்லேன்னா உடம்பு ஊசியைத் தாங்காது."

அவள் மருந்தை அளந்துகொண்டிருந்தபோது லெகூப்பேயை டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"சொல்லிடலாம்டா."

"சொல்லேன். உன் வாயை நான் பொத்தலையே." பிறகு அவன் குரல் இறங்கியது. "வேலையும் போச்சுன்னா எம் புள்ளைங்க உகாலிக் களிக்கு உன் வீட்டு வாசல்லதான் வந்து நிக்கணும். நிக்கட்டுமா, சொல்லு."

மனுஷனாக இருந்தால் அப்போதே ஓடிப்போய் டாக்டரின் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் போய் இழுக்கிற பட்டையைப் பிடித்தேன்.

நமுன்யாக் கரைக்கு வந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குள் அவள் மூச்சு இறங்கத் தொடங்கிவிட்டது. டாக்டர் மயக்கத்தை முறிக்கிற மருந்து போட்டாள், விலாவில் ஏறி உட்கார்ந்து அழுத்தினாள். ஒன்றும் பலிக்கவில்லை. நெடுநேரம் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கன்றும் போய்விட்டது என்றாள். ஒரு ராத்திரிதானே கிடந்தது, நான்தான் மருந்தைக் கூட்டிப் போட்டுவிட்டேன் என்று சரணாலய வார்டனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். லெகூப்பேயும் அழுதான். அது நடிப்பில்லை. எனக்குத்தான் கண்ணீர் வரவில்லை. என்னைப் போல ஒரு கோழை இந்த ஜில்லாவிலேயே இருக்கமாட்டான் என்று மட்டும் தோன்றியது.

திரும்பும் வழியில் இங்க்ரிட் அம்மாள் என் தோளைத் தொட்டாள்.

"நீங்களாவது நேத்து அவளை நல்லபடியா பார்த்தீங்களே. எப்படி இருந்தா?"

சொன்னேன். முள்ளைப் பக்குவமாக ஒதுக்கித் தின்றதைச் சொன்னேன். வண்டிச் சத்தத்துக்குக் காதை மட்டும் திருப்பினாள், ஓடவில்லை என்றேன். பொய் தானாக வந்தது. கேட்கக் கேட்க அந்த அம்மாள் முகம் கொஞ்சம் தெளிந்தது. கன்று வயிற்றில் அசைந்தது தெரிந்ததா என்று கேட்டாள்.

தெரிந்தது என்றேன்.