இல்டிகோவின் பெட்டி

இல்டிகோ மனதுக்குள் மார்ட்டனைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான், மேடையில் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்த அவன் வயலினின் மெல்லிய தந்தி படாரென்று அறுந்தது.

திட்டுவதற்கான காரணம் முப்பது வருடப் பழசு. இசை அகாடமியின் கடைசி வருடப் போட்டியில் இருவரும் மோதினார்கள். ஜெயித்த மார்ட்டன் வயலினோடு உலகம் சுற்றப் போனான். தோற்ற இல்டிகோ செகெட் நகர இசைக்குழுவில் வயலின்காரர்களின் முதல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பெரிய பதவிதான். ஆனாலும் முன்னால் நின்று தனியாக வாசிப்பவன் வேறு, நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பவள் வேறு.

அன்று அவன் கையில் இருந்தது இருநூறு வருடத்து இத்தாலிய வயலின். இவளுடையது உள்ளூர்த் தச்சர் செய்தது. அதனால்தான் தோற்றேன் என்று, பிறகு வேறொருவனோடு நடந்த கல்யாணத்தின்போதும் சொன்னாள், விவாகரத்தின்போதும் சொன்னாள். அதை வயலின் என்று சொல்லக்கூட வாய் வராது அவளுக்கு. பெட்டி என்பாள். அந்த ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நவம்பர் மழைகளைத் தள்ளியிருந்தாள்.

தந்தி அறுந்தால் மேடையில் ஒரு வழக்கம் உண்டு. தனி வாசிப்பவர் முதல் நாற்காலியின் வயலினை வாங்கிக்கொள்வார். அறுந்தது கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்குப் போகும். மார்ட்டன் கை நீட்டினான். இல்டிகோ தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த டேனெஷின் வயலினைப் பிடுங்கிக்கொண்டாள். இப்போது தெரியும் ஐயாவுக்கு என்று உள்ளூர ஒரு குஷி.

முதல் இரண்டு வரி அவன் தட்டுத் தடுமாறினான். பிறகு பெட்டி வாயைத் திறந்தது. அவளிடம் ஒரு நாளும் காட்டாத குரலில், இருட்டும் ஈரமுமாகப் பாடியது. மூன்றாம் வரிசையில் எல்லாக் கச்சேரியிலும் தூங்குகிற பருமனான சந்தாக்காரர் கண் விழித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏய், இது உன் பெட்டிதானா?" என்று கிசுகிசுத்தான் டேனெஷ்.

"வாயை மூடு."

அந்த நாற்காலிக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, தான் வாசிக்கத் தொடங்கவேண்டிய ஓர் இடத்தில் அவள் நுழையத் தவறினாள். புதுத் தந்தி சட்டென்று நிலைக்காது என்பதால் மார்ட்டன் கடைசிவரை அவள் வயலினிலேயே வாசித்து முடித்தான். அரங்கம் எழுந்து நின்று ஒரே தாளத்தில் கைதட்டியது. இல்டிகோவுக்கு அழுகை முட்டியது.

இடைவேளையில் அவன் அறைக்குப் போனாள். "இந்தா, உன்னோடது" என்று உறையில் வைத்து நீட்டினான் மார்ட்டன். "அருமையா பேசுது இல்டி. இதைப் போயா அந்தக் காலத்துல அப்படித் திட்டின?"

அவள் அதை வாங்கி நாற்காலியில் வைத்தாள். தந்தி மாற்றி வந்திருந்த இத்தாலிய வயலின் மேசைமேல் கிடந்தது. அவள் பார்வை போன இடத்தை அவன் கவனித்துவிட்டான்.

"வாசிச்சுப் பாரேன். நான் போய் ஒரு காபி குடிச்சுட்டு வரேன்."

கதவு சாத்திக்கொண்டது. முப்பது வருடம் கனவில் தொட்டதை இல்டிகோ எடுத்துத் தோளில் வைத்தாள். புதுத் தந்தியைத் தொடாமல், தடித்த தந்தியில், மெதுவான பகுதியிலிருந்து எட்டே வரி முழு மனதோடு வாசித்தாள்.

வெளியே நடைவழியில் டேனெஷின் குரல் கேட்டது. வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"என்ன இல்டி, பெட்டி திரும்பிக் கைக்கு வந்துடுச்சா? சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சுட்டேன்!"

அவள் வில்லைத் தாழ்த்தினாள். அவளுடைய வயலின் இன்னும் உறையைவிட்டு வெளியே எடுக்கப்படாமல் நாற்காலியில் இருந்தது.