பாவு விரித்த தெருவில் இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று ராஜகோபால் சார் காஞ்சிபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரியட்டுமே. அவர் ஹைஸ்கூலில் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தி ரிட்டயர் ஆனவர். நான் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர், பெயர் சம்பூர்ணம். என் அப்பா கூரம் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அது ராஜகோபால் சாருக்கு நன்றாகத் தெரியும். அவர் வீட்டுக்குப் போனால் மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வரும், எனக்குக் கண்ணாடி கிளாஸில் வரும். நான் அதைத் தொடாமல் அப்படியே ஆற வைத்துவிட்டு வருவேன்.

இது நடந்தது 1971-ல். பொங்கல் முடிந்த கையோடு ஸ்பெயின் தேசத்துக் குடும்பம் ஒன்று ராஜகோபால் சார் வீட்டு மாடிக்குக் குடிவந்தது. மிகேல் என்கிற அந்த மனிதருக்குத் திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோயிலில் வேலை. கூரையில் இருக்கிற பழைய சித்திரங்களைப் பார்த்து அப்படியே காகிதத்தில் வரைந்து எடுக்க வேண்டும். இரண்டு வருஷம் ஆகுமாம். மனைவி பேர் பிலார். ஏழு வயசில் இனேஸ் என்று ஒரு பெண், நாலு வயசில் பாப்லோ என்று ஒரு பையன். மிகேலுக்கு மட்டும் இங்கிலீஷ் வரும். மற்ற மூன்று பேருக்கும் ஸ்பானிஷைத் தவிர ஒன்றும் தெரியாது.

பாப்லோ சின்னவன், அவனைப் பற்றிக் கவலை இல்லை. இனேஸைத்தான் ஜூன் மாதம் மதராஸில் ஒரு பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு. வாரத்தில் ஐந்து நாள் ஹாஸ்டல், சனி ஞாயிறு வீடு. அங்கே சேர வேண்டுமானால் இங்கிலீஷ் பேச வேண்டும். பேசவில்லையென்றால் குழந்தையைப் பம்பாயில் கப்பல் ஏற்றி, தெரிந்தவர் துணையோடு பார்சிலோனாவில் இருக்கிற அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று மிகேல் முடிவு செய்திருந்தார். ஏழு வயசுப் பிள்ளை, இரண்டு வருஷம் அம்மா முகம் பார்க்காமல் இருக்க வேண்டும்.

முதல் ஒரு மாதம் ராஜகோபால் சார்தான் பாடம் நடத்தினார். வீட்டுக்காரர், இங்கிலீஷ்காரர், வேறு யாரைத் தேடப்போகிறார்கள்? நாலு கோடு நோட்டு, கையில் மர ஸ்கேல். தினம் ஒவ்வொரு வார்த்தையையும் நூறு தடவை எழுத வேண்டும், தப்பு வந்தால் ஸ்கேல் மேஜைமேல் படார் என்று விழும். குழந்தையை அவர் அடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மாதக் கடைசியில் இனேஸ் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அம்மாவிடம்கூட ரகசியமாகக் காதில்தான் பேசினாள்.

மிகேல் தினம் சைக்கிளில் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போவார். உள்ளே ஒரே கூச்சலும் சிரிப்புமாக இருக்கிறதே என்று ஒரு நாள் எட்டிப் பார்த்திருக்கிறார். என் பிள்ளைகள் உட்காரும் பாயைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு ஒருவனுக்குக் கண்ணைக் கட்டி, ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று இங்கிலீஷில் வழி சொல்லி வாசல்வரைக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். முட்டிக்கொண்டால் வழி சொன்னவனுக்குத் தோப்புக்கரணம். மறு நாளே, இனேஸுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அவர் என் முன்னால் வந்து நின்றார். என் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும், அவருடையதும் அப்படித்தான், அதனால் இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது.

நான் நிபந்தனை போட்டேன். குழந்தை தனியாகப் படிக்காது, என் வகுப்புப் பிள்ளைகளோடுதான் படிக்கும். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் விளையாட்டுப் போல நடக்கும். பேசு என்று யாரும் அவளைச் சொல்லக் கூடாது. பிலார் கூட வந்து உட்காரலாம். மிகேல் தலையாட்டினார்.

ராஜகோபால் சாருக்கு மூக்குக்கு மேல் கோபம். என் பிள்ளைகள் அவர் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்றார். அதுகளோடு சேர்ந்தால் வெள்ளைக்காரக் குழந்தைக்கு உச்சரிப்பு கெட்டுப்போகும், பேனும் ஒட்டிக்கொள்ளும் என்றாராம். சரி, உங்கள் படி எங்களுக்கு வேண்டாம், ஊரில் தெரு இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன்.

தெருவில்தான் படித்தோம். சாயம் போடுகிற கந்தன் வீட்டுப் பின்கட்டில் பட்டு நூல் சிட்டங்கள் மூங்கிலில் வரிசையாகத் தொங்கும். நான் நிறத்தைச் சொல்வேன், பிள்ளைகள் ஓடிப்போய் அதற்குக் கீழே நிற்க வேண்டும். தொடக் கூடாது என்பது சட்டம். இனேஸ் தொட்டுவிட்டாள். ஈரச் சாயம், உள்ளங்கை முழுக்க அரக்குச் சிவப்பு. கந்தன் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அவள் கையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவருக்கு வந்த திட்டு மறந்துபோயிற்று. மளிகைக் கடை ஜெயம்மாளிடம் சொல்லிவைத்திருந்தேன், இங்கிலீஷில் கேட்டால் ஒழிய என் பிள்ளைகளுக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூடக் கொடுக்கக் கூடாது என்று. ஜெயம்மாளுக்கு ‘லெமன்’ என்ற வார்த்தையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இனேஸ் இரண்டு நாள் விரலால் காட்டினாள். ஜெயம்மாள் கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கெட்டிக்காரி.

ஆனாலும் ஏப்ரல் பிறந்தும் குழந்தை வாய் திறக்கவில்லை. என் வகுப்பு அலமு அவளைக் கையைப் பிடித்து எங்கே இழுத்தாலும் போவாள், சொன்னதெல்லாம் செய்வாள், பேச மட்டும் மாட்டாள். ராஜகோபால் சார் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, என்னம்மா, ஊமைப் பள்ளிக்கூடம் எப்படி நடக்குது என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை தெருவில் பாவு விரித்திருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு முனையிலும் கட்டை ஊன்றி, தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, சிக்கெடுப்பார்கள். அந்த வேலைக்கு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. அறுந்த இழையை யார் பார்த்தாலும் குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்த நொடியில் அத்தனை பேரும் அப்படியே நிற்க வேண்டும், பாவுக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. சின்னவன் பெரியவன் என்றெல்லாம் அங்கே கிடையாது. என் பிள்ளைகள் அதையே விளையாட்டாக வைத்திருந்தார்கள், குரல் மட்டும் இங்கிலீஷில்.

பாவுக்கு ஓரமாகப் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்த இனேஸ் திடீரென்று முன்னால் வந்தாள்.

“ஸ்டாப்!”

அந்தக் குரல் அவளுடையது என்று எனக்கே தெரியவில்லை. பன்னிரண்டு ஆம்பிளைகள் கை தூக்கியது தூக்கியபடி நின்றார்கள். பாவின் சொந்தக்காரர் வீரபத்திரன் இழைமேல் வைத்த கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்து, “எங்க அறுந்துச்சு? காட்டு பாப்பா” என்றார். அவள் குனிந்து காட்டினாள். நிஜமாகவே அறுந்திருந்தது. வீரபத்திரன் முடிச்சுப் போடும்வரை தெருவே காத்திருந்தது. பிறகு அவர் அவளிடம்தான் கேட்டார், இழுக்கலாமா என்று. இனேஸ் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கோ” என்றாள். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பிலாரும் அழுதாள்.

அன்றைக்குத் திறந்த வாய் அப்புறம் மூடவே இல்லை. வா, போ, உட்கார், அதைக் கொடு, அந்தப் பக்கம் போகாதே, மாடு வருது, இது என்னுடையது, நீ பொய் சொல்றே. எல்லாம் இங்கிலீஷில். அலமுவோடு இங்கிலீஷிலேயே சண்டை போட்டாள். பிலார் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் நான் நினைத்தேன்.

மே மாதம் அந்த மதராஸ் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்தார். ராஜகோபால் சார்தான் அவருக்குப் பழக்கம். புடவைக்காரரை மூட்டையோடு வீட்டுக்கே வரவழைத்து, அப்படியே குழந்தையையும் பார்த்துவிடட்டும் என்று கூடத்தில் பாய் விரித்து ஏற்பாடு செய்திருந்தார். என்னைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் நிற்கச் சொன்னார். நின்றேன், ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. மிகேலும் பிலாரும் கூடத்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு பாட்டுச் சொல்லச் சொன்னார். இனேஸுக்குப் பாட்டுத் தெரியாது. எழுத்தை வரிசையாகச் சொல்லச் சொன்னார். ராஜகோபால் சார் பக்கத்தில் நின்று, சொல்லு சொல்லு என்று விரலை ஆட்டினார். குழந்தையின் உதடு இறுகுவதை நான் பார்த்தேன். மாசக்கணக்கில் பாடுபட்டுத் திறந்த வாய் என் கண்ணெதிரே மூடிக்கொள்கிறது, நான் தாழ்வாரத்தில் நின்று பார்க்க வேண்டுமாம். போடா என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் கூடத்துக்குள் போனேன். பாயில் போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இந்த அம்மாவுக்கு நம்ம ஊர்ப் புடவை பற்றி ஒன்றும் தெரியாது, நீ சொல்லிக்கொடு என்று இனேஸிடம் இங்கிலீஷில் சொன்னேன்.

அவ்வளவுதான். இனேஸ் விரித்திருந்த புடவைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள். இது பச்சை இல்லை, கிளிப்பச்சை. இதைத் தொடு. அதைத் தொடாதே, கை அழுக்கு. எழுந்திரு, வெளிச்சத்துக்கு வா. ஹெட்மிஸ்ட்ரஸ் திகைத்துப்போய் எழுந்தும் விட்டார். அவர் எடுத்து ஒதுக்கி வைத்திருந்த மாம்பழக் கலர் புடவையைக் குழந்தை தூக்கிப் பிடித்து, இதில் இழை அறுந்திருக்கிறது, வாங்காதே என்றாள். புடவைக்காரர் முகம் செத்துவிட்டது. இருபது நிமிஷம் பேசினாள், எனக்கே தெரியாத வார்த்தையெல்லாம் வந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். குழந்தை பேசுகிறது, ஆனால் மரியாதை தெரியவில்லை என்றார். ஒரு ‘ப்ளீஸ்’ இல்லை, ஒரு ‘தேங்க்யூ’ இல்லை, ‘மேடம்’ இல்லை. வேலைக்காரர்களை விரட்டுகிற இங்கிலீஷ். இந்த வருஷம் சேர்த்துக்கொள்வதற்கில்லை என்று எழுந்துவிட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. ஆமாம், அந்த இரண்டு வார்த்தையை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. மறதி இல்லை, தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் யார் யாரிடம் அதைச் சொல்கிறார்கள்? “தண்ணி கொடும்மா” என்று கேட்கிறோம், குடிக்கிறோம், சொம்பைத் திருப்பிக் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரிக்கு நன்றி சொன்னால் என்னடி என்னைத் தள்ளி வைக்கிறாயா என்று கோபித்துக்கொள்வாள். என் பிள்ளைகளிடம் நான் பேசியபடி அவர்களுக்கும் இங்கிலீஷ் வந்தது. தப்பு என்னுடையதுதான், குழந்தையுடையது இல்லை. அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். கெஞ்சவில்லை, சொன்னேன். அவர் புடவைப் பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

“டீச்சரம்மா, நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டாங்க? உன் வெளையாட்டு ஒரு குழந்தையக் கப்பல் ஏத்திடுச்சு பாத்தியா” என்றார் ராஜகோபால் சார்.

மிகேல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பம்பாய்க்கு இன்றைக்கே தந்தி கொடுத்துவிடுகிறேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். இனேஸுக்கு அது புரிந்துவிட்டது. இங்கிலீஷ்தான் தெரியுமே இப்போது. அதைக் கற்றுக்கொடுத்த பாவி நான்தான். அவள் ஓடிப்போய் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

பிலார் எழுந்தாள். இத்தனை மாதமும் ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தவள். ஸ்பானிஷில் புருஷனிடம் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எங்கள் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னாள், எங்கள் தெரு இங்கிலீஷில்.

“நோ ஷிப். மை சைல்ட் நோ கோ. மை சைல்ட் கோ சம்பூர்ணம் ஸ்கூல்.”

ராஜகோபால் சார் சிரித்தேவிட்டார். “அந்த முனிசிபல் பள்ளிக்கூடத்துலயா? தரையில உக்காந்துக்கினா? யாரு யாரு புள்ளைங்களோ வருது அங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவரால் இல்லை, என்னால். மூன்று மாதமாக இந்தக் குழந்தையை யாரோ ஒருத்தியின் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். என் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. வாயில்லாதவளாய் வந்த பிள்ளையைப் பேசவைத்த இடத்தை நானே ஒரு பள்ளிக்கூடமாக மதிக்கவில்லை. அவரும் மதிக்கவில்லை, நானும் மதிக்கவில்லை, இதில் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? மொழி தெரியாத ஒரு அம்மாதான் மதித்தாள்.

மிகேல் என்னைப் பார்த்தார். சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார்.

நான் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. ராஜகோபால் சாரைப் பார்த்தே பதில் சொன்னேன்.

“ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்குது. ஒம்போது மணிக்கு வந்துடணும், லேட்டா வந்தா வெளிய நிக்கணும். யாரு புள்ளையா இருந்தாலும் அதான் சட்டம், சார்.”