பம்ப் ஹவுஸுக்கு மதிப்பெண்

"அடுத்த வாரம் எங்க ஆபீஸ்ல இருந்து பம்ப் ஹவுஸைப் பார்க்க வர்றோம்." அக்காவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். இதையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஒரு காலத்தில் ஊருக்கே தண்ணீர் ஏற்றிய செங்கல் கட்டடம் அது. பம்ப் எப்போதோ போய்விட்டது. இப்போது உள்ளே அக்காவின் தையல் மெஷின், ஒரு செருப்புத் தொழிலாளி, குடை ரிப்பேர்க்காரர், எந்நேரமும் கேரம் ஆடும் பெரிசுகள். எங்கள் அலுவலகம் நாட்டிலுள்ள பழைய கட்டடங்களுக்கெல்லாம் மதிப்பெண் போடுகிறது. கட்டடத்தின் நிலைமைக்குப் பாதி, ஜனங்களுக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதற்கு மீதி. இரண்டிலும் தேறினால் பாதுகாப்பு. ஒன்றில் கோட்டைவிட்டாலும் இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டிவிடுவார்கள்.

நானும் மேலதிகாரி மேடமும் போய் இறங்கினோம். கட்டடம் முழுக்கப் பளபளவென்று பச்சை ஆயில் பெயிண்ட். விரிசலெல்லாம் சிமென்ட். உள்ளே ஈ, காக்கை இல்லை. வாசலில் அக்கா மட்டும் புதுத் துணி உடுத்திச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் எங்கேக்கா?"

"தொரத்தி விட்டுட்டேன். ஆபீசர் வர்றப்போ பழைய செருப்பும் கேரம் போர்டுமா கெடந்தா உன் மானம் என்னடா ஆகும்?"

"அதைப் பார்க்கத்தானே வந்திருக்கோம்! பெயிண்ட் அடிக்கச் சொல்லி யாரு அழுதா?"

"தெருவே சேந்து அடிச்சோம். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வருதா உன் வாயில?"

மேடம் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இது சுண்ணாம்புச் சுவர்மா. இப்படி மூடிட்டா ஈரம் வெளிய போக வழியில்ல, உள்ளுக்குள்ளயே உதிர்ந்துடும். அதோட, இங்க ஒரு ஆளைக்கூடக் காணோம். கண்ணால பார்க்காததுக்கு நான் மார்க் போட முடியாது."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவில் இறங்கி அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வந்தார்களா? கேரம் பெரிசு அவளைப் பிடித்துக்கொண்டார். "நாங்க காலங்காலமா உக்கார்ற எடம். எங்களைப் போகச் சொல்ல நீ யாரும்மா?" குடைக்காரர், "எனக்குன்னு இருக்கிற கடையே இந்த மூலைதான்" என்று கத்தினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மேடமோ நின்ற இடத்திலேயே வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

சண்டை ஓய்ந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். "என்னடா ஆச்சு? தேறிடுச்சா?"

"ஜனங்களுக்கு முழு மார்க். கட்டடம் பெயில். சிமென்ட்டும் பெயிண்ட்டும் கவுத்துடுச்சு."

அவள் பச்சைச் சுவரைப் பார்த்தாள். விரல் நகங்களில் இன்னும் அதே பச்சை.

"அப்போ எங்களைப் பத்திரமா வச்சுக்கிட்டு, இதை மட்டும் இடிச்சுடுவீங்களா?"