வாத்தியாரம்மா சொன்ன சாட்சி

1

ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு வாக்கியம் காதில் விழுந்தது: “ஒரு பயலுக்காக அந்த வாத்தியாரம்மா பேரைக் கெடுத்துக்கிட்டா.” சொன்னவர் பஸ் ஏறிப் போய்விட்டார். மிச்சத்தை நான்தான் எழுதியாக வேண்டும்.

2

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். பழங்காநத்தத்தில் அந்தி சாயும் நேரம், தென்றல்... (அடித்துவிட்டேன். அங்கே தென்றலுக்கு வேலையில்லை.)

சுந்தரம்மாள் இளம் விதவை. வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். ஆடு திருடிப் பிடிபட்டு, எச்சரித்து விடப்பட்ட உக்கிரபாண்டியையும் சேர்த்துக்கொண்டாள். பதினாறு வயது. மற்றப் பிள்ளைகள் அவனைவிட்டுத் தள்ளியே உட்கார்ந்தார்கள். எழுத்தென்றால் ஓடுவான், நாடகமென்றால் உயிர்.

“வசனத்த நீயா வாசிச்சிட்டா, திருவிழா நாடகத்துல வேசம் வாங்கித் தாரேன்” என்றாள்.

வாசித்தான். சேவகன் வேசம் கிடைத்தது.

(இவள்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவளா? பிறகு அந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் போனபின் பேச ஆளில்லை. அவனுடைய ஓயாத கேள்விகள் அவளுக்கும் வேண்டியிருந்தன.)

3

திருவிழாவன்று, ஆண்டிச்சாமி என்ற ஊர்க்காரர் நேர்ந்துவிட்டிருந்த கிடாவைக் காணோம். அரிதாரம் பூசி நின்ற உக்கிரபாண்டியின் சட்டையைப் பிடித்தார்.

“கிடா எங்கடா?”

“சத்தியமா நான் எடுக்கலண்ணே.”

சுற்றி நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது. சுந்தரம்மாள் முன்னால் வந்தாள்.

“மத்தியானத்துலருந்து அவன் எங்க வீட்லதான் இருந்தான். வசனம் பாத்துக்கிட்டிருந்தோம்.”

“வேற யாரு இருந்தா?”

“யாரும் இல்ல.”

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். “அம்புட்டு நேரமும் வசனந்தானா?”

4

தேடிப் போனால், கிடா கண்மாய்க்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. ஆண்டிச்சாமி அதை இழுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனார். உக்கிரபாண்டி மேடையேறிப் பிசகாமல் பேசினான். கைதட்டினார்கள். சுந்தரம்மாள் அதைக் கேட்கவில்லை. முன்பே வீட்டுக்குப் போயிருந்தாள்.

மறுநாள் பிள்ளைகள் யாரும் பாடத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும். கிணற்றடியில் அவளைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் மில் வேலைக்குப் போகிறான். இன்னொன்றில் மறுபடியும் ஆடு... (முடிக்க மனம் வரவில்லை.) வேறொன்றில் ஊர் மன்னிப்புக் கேட்டது. அதைக் கிழித்துப் போட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் பார்க்கிறார்கள்.

“வாத்தியாரம்மா, பாடம் இல்லையா? இல்லேன்னா சொல்லிருங்க. பழைய கூட்டாளிக கூப்பிடுறாங்க.”

அவள் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. திறந்தால் மிச்சமிருக்கும் பேரும் போகும். திறக்காவிட்டால்...

நான் பேனாவை மூடிவிட்டேன். கதவுக்கு உள்ளே இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். அவன் மறுபடி தட்டுகிறான்.